ஃபோர்ட் கொச்சிக்கு அரை நாள் போதுமா?

நவம்பர் 11, 2024. ஒரு வாசகர் கேட்டது:

"டிசம்பர் 6, 7 இரண்டு நாள் அம்மாவுடன் கொச்சி போகிறோம். எர்ணாகுளத்தில் ரூம் போட்டுக்கொண்டு ஃபோர்ட் கொச்சியை அரை நாளில் முடித்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு சர்ச், நாலு மீன்வலை, ஒரு அரண்மனை. இதற்காக அங்கேயே தங்க வேண்டுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி."

நவம்பர் 11, இரவு

எல்லோரும் சொல்வது பகல் பன்னிரண்டு மணி ஃபோர்ட் கொச்சியை. அந்த ஊருக்கு அரை நாள்கூட அதிகம்.

2009இல் அலுவலக நண்பர்கள் நான்கு பேர் கோவையிலிருந்து ரயிலில் போய், எர்ணாகுளம் சவுத்தில் இறங்கி, ஒரு காரைப் பிடித்து நேராக அங்கே போனோம். உச்சி வெயில், உப்புக் காற்று, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வலைகள் வேலையில்லாமல் தூக்கி நிறுத்தியிருந்தன. சர்ச்சை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கரும்புச் சாறு குடித்துவிட்டு, "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று திரும்பினோம். ஏழு வருடம் நானும் இந்த "எல்லோரும்" கூட்டத்தில்தான் இருந்தேன்.

2016இல் குடும்பத்தோடு போனபோது மறுநாள் ஹர்த்தால். வண்டி ஓடாது, கடை திறக்காது என்று தெரிந்து, வேறு வழியில்லாமல் ஃபோர்ட் கொச்சியிலேயே ஒரு வீட்டில் அறை எடுத்தோம். காலை ஆறு மணிக்குத் தூக்கம் கலைந்து கடற்கரைக்கு நடந்தேன். பரேட் மைதானத்தைச் சுற்றிப் பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், அதன் கீழே பனியனோடு கிழவர்கள் நடை. கரையில் சீனவலை ஒன்று தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் கயிற்றைப் பிடிக்க, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கல்லெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே வர, அந்தப் பக்கம் வலை நீரைச் சொட்டிக்கொண்டு மேலே வந்தது. நாலு மீனும் ஒரு நண்டும். பக்கத்தில் பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ரேஷன் கடை வரிசை மாதிரி.

என் பதில்: ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலரையிலிருந்து எட்டு, இந்த இரண்டு துண்டுதான் அந்த ஊர். நீங்கள் போகிற வெள்ளி, சனி நல்ல தேர்வு. ஞாயிறு கூட்டம் இருக்காது.

நவம்பர் 12, காலை

நேற்று இரவு எழுதியதன் கடைசி வரியை அடித்துவிடுங்கள். வெள்ளி, சனிதான் இருப்பதிலேயே மோசமான ஜோடி. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர்களின் பரதேசி ஜெபாலயத்துக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள், உள்ளே விடமாட்டார்கள். வெள்ளியன்று மதியத்தோடு மூடிவிடுவார்கள். இரண்டும் ஒரே தெருக்கோடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் உங்கள் தேதியில் ஒன்றைப் பார்த்தால் மற்றது பூட்டு.

டிக்கெட்டை மாற்ற முடியாது என்றால்: வெள்ளி காலை வந்ததும் பையை அறையில் போட்டுவிட்டு நேராக ஜெபாலயம், ஒரு மணிக்குள். அரண்மனை சனிக்கிழமை காலை. மட்டாஞ்சேரிக்கு இரண்டு தடவை ஆட்டோ. ஃபோர்ட் கொச்சியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், பெரிய தண்டனை இல்லை.

நவம்பர் 12, மதியம்

"கோட்டை எந்தப் பக்கம்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கோட்டை இல்லை. போர்ச்சுகீசியர் 1503இல் கட்டிய இம்மானுவேல் கோட்டையை டச்சுக்காரர்கள் 1663இல் பிடித்துக் குறுக்கினார்கள், ஆங்கிலேயர் 1806இல் இடித்துப் போட்டார்கள். கடலோரம் சில கற்கள், கோட்டைக் கொத்தளத்தின் மேல் டச்சுக்காரர் எழுப்பிய பாஸ்டியன் பங்களா, அவ்வளவுதான் மிச்சம். பங்களா இப்போது அருங்காட்சியகம்.

அந்த ஊரில் பெயர்ப்பலகையை நம்பக் கூடாது. மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்பார்கள், கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது போர்ச்சுகீசியர். டச்சுக்காரர்கள் ரிப்பேர் பார்த்ததற்குப் பெயரை வாங்கிக்கொண்டார்கள். சீனவலையைச் சீனர் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை, மக்காவ் வழியாகப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தார்கள் என்று இன்னொரு கதை. யூதத் தெருவில் யூதர்கள் அநேகமாக இல்லை, 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கடைகள் காஷ்மீர் சால்வை விற்கின்றன.

அப்புறம் வாஸ்கோ ட காமா. புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் கம்பித் தடுப்புக்குள் கல்லறை இருக்கிறது, எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். உள்ளே ஆள் இல்லை. 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கொச்சியில் இறந்தார், அங்கே புதைத்தார்கள், 1539இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். என் மகன் இதைக் கேட்டுவிட்டு "அப்ப இது காலி வீடா?" என்றான்.

எனக்கு அந்தத் தேவாலயத்தில் பிடித்தது கல்லறை இல்லை, பங்கா. தலைக்கு மேலே நீளக் கட்டையில் துணி தொங்கும், கயிறு சுவருக்கு வெளியே போகும். உள்ளே பிரசங்கம் நடக்க, வெளியே ஒருவன் வெயிலில் நின்று இழுத்துக்கொண்டிருப்பான். உள்ளே காற்று வாங்கியவர்களின் பெயர்கள் சுவரோரக் கல்லில் இருக்கின்றன.

நவம்பர் 13

தங்குமிடம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

காசு பிரச்சினை இல்லை என்றால் கடற்கழியைப் பார்த்த பழைய கட்டட ஹோட்டல்கள். பிரண்டன் போட்யார்ட் முன்பு கப்பல் கட்டும் இடமாக இருந்த மனையில் இருக்கிறது, படகுத்துறைக்குப் பக்கத்திலேயே. நான் அங்கே தேநீர் குடித்திருக்கிறேன், தங்கியதில்லை. கழியின் அந்தப் பக்கம் போல்காட்டி தீவில் 1744இல் டச்சுக்காரர் கட்டிய மாளிகை இருக்கிறது, பின்னால் ரெசிடெண்ட் என்ற ஆங்கிலேய ஆட்சிப் பிரதிநிதி வசித்தது, இப்போது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல். அழகான இடம். ஆனால் அங்கே தங்கினால் காலை ஆறு மணிக்கு ஃபோர்ட் கொச்சிக் கரையில் நிற்க முடியாது, என் வாதமே அடிபட்டுப் போகும்.

நடுத்தரக் குடும்பத்துக்கு ஹோம்ஸ்டே. கேரள சுற்றுலாத் துறை இவற்றுக்கு டைமண்ட், கோல்ட், சில்வர் என்று தரம் கொடுக்கிறது. பலகையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். முறைப்படி வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். இதுதான் முக்கியம், ஏனென்றால் நான் ஒருமுறை ஏமாந்தேன். படத்தில் ஓட்டு வீடு, ஊஞ்சல், பாட்டி ஆப்பம் சுடுகிறார். போனால் ஒரு பையன் சாவியைக் கொடுத்துவிட்டு மறைந்தான். ஏசி ரிமோட்டுக்குத் தனிக் காசு. குழாயில் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்கவில்லை. கொசு என்றால் அப்படியொரு கொசு. ராத்திரி இரண்டு மணிக்கு மனைவி எழுந்து உட்கார்ந்து, "ஊஞ்சல் எங்கே?" என்றாள்.

அதற்கப்புறம் புக் செய்வதற்கு முன் போன் போட்டு மூன்று கேள்வி கேட்கிறேன். வீட்டுக்காரர் அங்கேயே இருக்கிறாரா? ஜன்னலில் கொசுவலை அடித்திருக்கிறதா? குளிக்கிற தண்ணீர் நல்ல தண்ணீரா? மூன்றாவது கேள்விக்குச் சிரித்தால் உப்புத் தண்ணீர்.

டிசம்பர் கடைசி வாரம் மட்டும் போகாதீர்கள். புத்தாண்டு இரவில் கடற்கரையில் பாப்பாஞ்ஞி என்று ஒரு பெரிய கிழவன் பொம்மையைக் கொளுத்துவார்கள், அதற்குக் கேரளமே அங்கே திரளும். பார்க்க நன்றாக இருக்குமாம். அறை வாடகையும் பொம்மையோடு சேர்ந்து எரியும்.

நவம்பர் 15

பியனாலே என்கிற கலைக் கண்காட்சி பற்றிக் கேட்டவருக்கு: 2012 டிசம்பர் 12இல் தொடங்கியது, ஆஸ்பின்வால் கிடங்குதான் மையம். இந்த டிசம்பரில் கிடையாது. அதை நம்பிப் போகாதீர்கள்.

நவம்பர் 17

"அம்மாவின் முழங்கால் என்று கேள்வியிலேயே சொல்லியும் நீங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகிறீர்கள்" என்று ஒருவர் குட்டியிருக்கிறார். சரிதான். வாதத்தில் ஜெயிக்கிற அவசரத்தில் முழங்காலை மறந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் நான் தங்கிய மூன்று வீடுகளிலும் அறை மாடியில். மரப்படி, செங்குத்தாக, ஒருபக்கம்தான் பிடி. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் குடியிருப்பார். "வீட்டுக்காரர் அங்கேயே இருக்க வேண்டும்" என்று நான் போட்ட நிபந்தனையே உங்கள் அம்மாவை மாடிக்கு அனுப்புகிறது. லிஃப்ட் உள்ள மலிவான இடம் என்றால் எர்ணாகுளம்தான். ஆகவே "எல்லோரும்" முழுக்கத் தப்பில்லை.

என்றாலும் தரைத்தள அறை இருக்கிறதா என்று நாலு இடத்தில் கேட்டுப் பாருங்கள், சில வீடுகளில் பின்கட்டில் ஒன்று ஒதுக்கியிருப்பார்கள். கிடைக்கவில்லை என்றால் எர்ணாகுளத்தில் தங்கிப் படகில் வாருங்கள். காரில் மட்டும் வராதீர்கள். தோப்பும்படிப் பாலத்து நெரிசலில் நின்றுவிட்டு வந்தால் எந்த ஊரும் பிடிக்காது.

முழங்காலுக்கு: தேவாலயம், கடற்கரை நடைபாதை, ஜெபாலயம் மூன்றிலும் ஏறி இறங்க அதிகம் இல்லை. அரண்மனையில் பார்க்க வேண்டியதெல்லாம் மேல்தளத்தில், படி ஏற வேண்டும்.

நவம்பர் 18

படகு. எர்ணாகுளம் மெயின் ஜெட்டியிலிருந்து அரசுப் படகு பழைய வழி, டிக்கெட் பத்து ரூபாய்க்குள். வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது, ஹைகோர்ட் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 2024 ஏப்ரலில் விட்டார்கள், அப்போது 40 ரூபாய். மின்சாரப் படகு, ஏசி. துறைமேடை தண்ணீரில் மிதப்பதால் படகின் தரையும் அதுவும் ஒரே மட்டத்தில் இருக்கும், சக்கர நாற்காலியே உள்ளே போகும். அம்மாவுக்கு அதுதான். ஏறுவதற்குக் கூட்டமாக இருந்தால் அடுத்த படகுக்கு நிற்க வேண்டிவரும், மாலையில் திரும்புவதைக் கடைசிப் படகுக்குத் தள்ளாதீர்கள்.

எனக்கு மட்டும் என்றால் பழைய படகுதான். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, டீசல் நாற்றம், வேலைக்குப் போகிறவர்கள் தூங்கிக்கொண்டு வருவார்கள்.

எதில் போனாலும் வழியில் வெலிங்டன் தீவு தெரியும். அது இயற்கைத் தீவு இல்லை. கழியைத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. கொச்சியின் வாய்க்குக் குறுக்கே மணல்திட்டு கிடந்ததால் பெரிய கப்பல் உள்ளே வர முடியாமல் வெளியே நங்கூரம் போட்டு நின்றது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டினார், 1928இல் பத்மா என்ற கப்பல் உள்ளே வந்தது. அந்த வாயே 1341 வெள்ளத்தில் திறந்தது என்பார்கள். பெரியாறு பெருகி முசிறியைத் தூர்த்துவிட்டு இங்கே வழி விட்டதாம்.

நவம்பர் 21

ஜெபாலயத்தைப் பற்றி "பூட்டு, திறப்பு" தவிர ஒன்றும் சொல்லவில்லை. 1568இல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தரை முழுக்க நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள், பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவை. "ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது" என்று வழிகாட்டிகள் எல்லோரும் ஒப்பிப்பார்கள். நான் குனிந்து பார்த்தேன். ஒரே சித்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. கையால் தீட்டியதால் வில்லோ மரத்தின் கிளை ஓர் ஓட்டில் மெலிந்தும் இன்னொன்றில் தடித்தும் இருக்கிறது. ஒரே வாக்கியத்தை ஆயிரம் பேர் எழுதியது மாதிரி. வழிகாட்டி சொன்னதைவிட இதுதான் எனக்குச் சுவாரசியம். மணிக்கூண்டு 1760, அதன் முகங்களில் ஹீப்ரு எண்ணும் உண்டு, ரோமன் எண்ணும் உண்டு, மலையாள எண்ணும் உண்டு.

அந்தச் சமூகத்திடம் இருக்கும் செப்பேடு நமக்குக் கொஞ்சம் நெருக்கம். சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்தது, வட்டெழுத்தில். பகல் விளக்கு, பாவாடை, குடை, பறை, தோரணம் என்று உரிமைகளை அடுக்குகிறது. பாவாடை என்றால் நடந்து வருகிறவர் காலடியில் விரிக்கிற துணி. நாங்கள் போனபோது செப்பேடு பார்க்கக் கிடைக்கவில்லை. வாசகம் படித்திருந்ததால் பார்த்தது போலவே வெளியே வந்தேன்.

அரண்மனையில் படுக்கையறைச் சுவர் முழுக்க ராமாயணம். தசரதனின் வேள்வியில் தொடங்கி அயோத்தி திரும்புவது வரை. செங்காவியும் பச்சையும் மஞ்சளும், இடைவெளியே விடாமல் கண்கள். ராஜா இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க எப்படித் தூங்கினாரோ. படம் எடுக்க விடமாட்டார்கள். அம்மா ஒரே ஒருமுறை படியேற முடியும் என்றால் அதை இங்கே செலவழிக்கச் சொல்லுங்கள்.

நவம்பர் 24

இழை எங்கேயோ போகிறது, நானும் போகிறேன். மலையாளத்தில் ஒரு பழமொழி: கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டாம், கொச்சி கண்டவனுக்கு அச்சி வேண்டாம். அச்சி என்றால் மனைவி. இதை நான் மட்டாஞ்சேரியில் வைத்து என் மனைவியிடம் விளக்கினேன். "சரி, இங்கேயே இருங்க, கோயமுத்தூர் வண்டிக்கு ஒரு டிக்கெட் போதும்" என்றாள்.

அன்று மதியம் காயீஸில் பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சமாதானம். நம் ஊர்க் காரத்தை எதிர்பார்க்காதீர்கள், நெய்ச்சோறு வாசனையில் அடங்கின பிரியாணி. பிறகு பஜார் ரோடில் நடந்தோம். கிடங்குகளில் சுக்கு மூட்டை, மிளகு மூட்டை. வாசலைத் தாண்டும்போதே மூக்கில் ஏறும்.

வலையை நாமும் இழுக்கலாம் என்று கூப்பிடுவார்கள். இழுத்த பிறகு கை நீட்டுவார்கள். என் மகன் இழுத்ததற்கு 200 கேட்டு நூறில் முடிந்தது. அதில் எனக்குக் கோபம் இல்லை, மீன் விழுகிற அழகைப் பார்த்தால் அந்த நூறு அவர்களுக்குத் தேவைதான். ஆட்டோக்காரர் "அம்பது ரூபாய்க்கு ஊரே காட்டுகிறேன்" என்றால் மட்டும் கவனம். எங்களுக்குக் காட்டியது மூன்று கடை, ஒரு சர்ச்.

நவம்பர் 26

அந்த ஆட்டோவைப் பற்றி எழுதியபிறகு ஞாபகம் வந்தது. அநியாயமாகச் சொல்லிவிட்டேன். மூன்று கடைக்கு நடுவில் அவர் இன்னோர் இடத்திலும் நிறுத்தினார். வேளி பக்கம், தோபி கானா. "துணி துவைப்பதை யாராவது போய்ப் பார்ப்பார்களா" என்று நான் ஆட்டோவிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூச்சமும்தான். மனைவி இறங்கிப் போனவள் அரை மணி நேரம் வரவில்லை.

உள்ளே தமிழ் பேசுகிறார்களாம். வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துணி துவைக்க நம் பக்கத்திலிருந்து அழைத்து வரப்பட்டதாகச் சொன்னார்கள். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், கஞ்சிப் பசை, கரிப் பெட்டி. கொடியில் கிளிப்பே கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்கு நடுவே துணி முனையைச் செருகிவிடுகிறார்கள், காற்றடித்தாலும் விழாதாம். இவ்வளவையும் மனைவி ஆட்டோவில் சொல்லிக்கொண்டே வந்தாள், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் அம்மாவை அங்கே அழைத்துப் போங்கள். சமதளம்.

டிசம்பர் 9

கேட்டவர் திரும்பி வந்து எழுதிவிட்டார். சுருக்கம்: தரைத்தள அறை கிடைக்கவில்லை. எர்ணாகுளத்தில் தங்கினார்கள். வெள்ளிக்கிழமை ரயில் தாமதம், ஜெபாலயம் மூடியிருந்தது. சனிக்கிழமை முதல் வாட்டர் மெட்ரோவைப் பிடித்தும் கரையில் வெயில் ஏறிவிட்டது. வலை ஒருமுறை இறங்கியதைப் பார்த்தார்களாம். அரண்மனைப் படியை அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறார்.

ஆக நான் ஒரு மாதமாகச் சொன்னதில் பாதி அவருக்குப் பயன்படவில்லை. ஆனால் தோபி கானாவில் அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாராம். வெள்ளைத் துணிக்கு நீலம் எவ்வளவு, கஞ்சி எந்தப் பதம் என்று அங்கே இருந்த வயதான ஒரு பெண்ணோடு பேச்சு. "அரை நாள் போதவில்லை, உங்கள் காரணத்துக்காக இல்லை" என்று முடித்திருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்.

டிசம்பர் 10

அவர் எழுதியதில் ஒரு வரியை நேற்று விட்டுவிட்டேன். அந்தத் தொட்டிகளில் பெரும்பகுதி ஃபோர்ட் கொச்சி ஹோட்டல், ஹோம்ஸ்டேக்களின் விரிப்புதானாம். அப்படியென்றால் மூன்று தடவையும் நான் படுத்த விரிப்பு அங்கே வெளுத்ததாகத்தான் இருக்கும். மனைவியிடம் சொன்னேன். "எட்டு வருஷம் ஆச்சு, இப்பத்தான் ஆட்டோவை விட்டு இறங்கறீங்க" என்றாள்.

ஜனவரி இரண்டாம் வாரம், செவ்வாய், புதனுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். இரண்டு நாளும் அரண்மனை உண்டு, ஜெபாலயம் உண்டு. அறைக்கு நாளைக்குத்தான் போன் போட வேண்டும், தண்ணீர்க் கேள்வியோடு.